தறி வீட்டில் ஒரு மடிக்கணினி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் மாகறல். தேவாரப் பாடல் பெற்ற தலம். அவ்வூர் நெசவாளர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அவர் மகள் வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். இளையவன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டிலிருந்த மேசைக்கணினி பழுதாகிவிட்டது. அதற்கு மாற்றாக ஒரு மடிக்கணினியைக் கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். விலை எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்!

“முதலாளியிடம் முன்பணம் கேட்கலாம் என்றிருக்கிறேன், சாமி. எனக்கு இதெல்லாம் விளங்காது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

முன்பணம் என்பதன் பொருளை நெசவாளர் குடும்பங்கள் நன்கு அறியும். அது அடையும்வரை வேறொருவருக்கு நெய்ய வழியில்லை; கூலியிலும் பிடித்தம். ஒரு கருவிக்காகக் குடும்பத்தின் உழைப்பு முழுவதையும் கட்டிப்போடுவது முறையா?

“விளங்காது என்று ஏன் சொல்கிறீர்கள்? உங்கள் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டுதான் கணினிக்கு மூத்தோன்” என்றேன். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பட்டில் பூவேலை செய்யும் பொறியை 1804இல் உருவாக்கினார். அதே துளை அட்டை முறையைத் தம் கணக்குப் பொறிக்குக் கொள்ள எண்ணினார் இங்கிலாந்தின் பாபேஜ். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துளை அட்டைகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. அந்த வழியில் வந்ததே இன்றைய கணினி.

முதலில் வேலை, பின்னர் கருவி

புடவை வாங்குவோர் ஜரிகையின் பளபளப்பைக் காண்பர். நெசவாளரோ பாவின் இழையைப் பார்ப்பார். அந்தக் கண்ணோடுதான் கணினியையும் நோக்க வேண்டும். கடைக்காரர் எழுதியது விளையாட்டுக்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கருவி. இவ்வீட்டிலோ வேலை என்ன? கட்டுரை தட்டெழுதுதல், கணக்கு அட்டவணை, காணொளிப் பாடம், விண்ணப்பம் நிரப்புதல், ஓரிரு புடவை மாதிரிகளைப் பார்த்தல். இவற்றுக்கு அந்தக் கார்டு தேவையே இல்லை.

தேவையானவை நான்கு. ராம் எனப்படும் நினைவகம் 8 ஜி.பி. இருத்தல் வேண்டும், பின்னாளில் கூட்டிக்கொள்ள இடம் இருந்தால் இன்னும் நல்லது. சேமிப்புக்குப் பழைய ஹார்டு டிஸ்க் அன்று, எஸ்.எஸ்.டி. வேண்டும், 256 ஜி.பி. போதும், 512 ஆனால் நிறைவு. வீட்டிலேயே இருக்கப்போகும் கருவியாதலால் எடையைக் குறித்துக் கவலை வேண்டா, 15.6 அங்குலத் திரை கண்ணுக்கு இதம். நான்காவது, பில்லும் உத்தரவாதமும்.

பழையதை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். அலுவலகங்களில் சில ஆண்டுகள் பயன்பட்டுப் பின் செப்பனிடப்பட்ட மடிக்கணினிகள் உறுதியானவை. விலையும் வெகுவாகக் குறையும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் கருவிதானா என்று கேளுங்கள்; இன்டல் ஆனால், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். திரையை மூடித் திறந்து கீல்களைப் பாருங்கள். எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் சோதியுங்கள்.

மேசைக்கணினியாக்கும் முறை

மடிக்கணினியை மேசையில் அப்படியே வைத்து நாள்தோறும் குனிந்திருந்தால் கழுத்து வலிக்கும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு நான்கு தடித்த புத்தகங்களின்மேல் உயர்த்தி வையுங்கள். தனி விசைப்பலகையும் மவுசும் இணைத்துக்கொள்ளுங்கள். எளியவை இரண்டும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பின், ஒரு கம்பியால் அதையே பெரிய திரையாக்கலாம்.

மின்சாரம் போனால் மேசைக்கணினி அந்நொடியே அணைந்துவிடும். மடிக்கணினி தன் மின்கலத்தால் தொடரும். தனி யு.பி.எஸ். செலவு மிச்சம். ஆயினும் எந்நேரமும் முழு மின்னூட்டத்திலேயே வைத்திருந்தால் மின்கலம் விரைவில் நலியும். பல கருவிகளில் மின்னூட்டத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி உண்டு, அதை அமைத்துவிடுங்கள். மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். மின்கலம் உப்பியதாகத் தோன்றினால் உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பரணில் கிடந்த செல்வம்

பேச்சினிடையே, “மூத்தவன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு மடிக்கணினி பரணில் கிடக்கிறது” என்றார். தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்படிப் பரணேறிய கருவிகள் எத்தனையோ! அதற்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. பொருத்தி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவினால் எழுதவும் படிக்கவும் உதவும். தமிழ்99 விசைப்பலகையில் தமிழும் தட்டலாம்.

இன்னொன்றும் சொன்னேன். கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டின் மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மகளுக்கு அது கிடைக்குமா என்று கல்லூரியில் கேட்டறியாமல் பணம் கட்டலாகாது.

இரு வாரம் கழித்து மீண்டும் வந்தார். மகளுக்கு இப்போதைக்கு இல்லை எனக் கல்லூரியில் சொன்னார்களாம். ஆகவே செப்பனிட்ட கருவி ஒன்றைச் சேமிப்பிலிருந்தே வாங்கிவிட்டார். பரணிலிருந்தது இறங்கி இளையவன் கைக்குப் போயிற்று. இரண்டும் தறிக்கூடத்தை அடுத்த முன்னறையில், எல்லார் கண்ணும் படும் இடத்தில் இருக்கின்றன.

“முன்பணம்?” என்று கேட்டேன்.

“வாங்கவில்லை, சாமி” என்றார். அம்முகத்தின் நிம்மதி எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.