நெருக்கடிக் காலத்தில் சோதனை மருந்து: அறநெறி வகுக்கும் எல்லை

கொள்ளைநோய் பரவும்போது அரசின் முன்னும் மருத்துவர் முன்னும் ஒரு கடினமான வினா எழுகின்றது. பயன் இன்னும் மெய்ப்பிக்கப்படாத மருந்தை நோயாளிக்கு அளிக்கலாமா? அளித்தால் தீங்கு நேரக்கூடும். மறுத்தால் பிழைக்கும் வாய்ப்பு பறிபோகக்கூடும். கோவிட் காலத்தில் நம் நாடு பெற்ற அனுபவம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

பிளாஸ்மா தந்த பாடம்

நோயினின்று மீண்டவரின் குருதியில் எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை அடங்கிய பிளாஸ்மாவைப் பிரித்து நோயாளிக்குச் செலுத்தினால் உயிர் காக்கலாம் என்ற நம்பிக்கை 2020இல் பரவலாக நிலவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அந்நம்பிக்கையைச் சோதிக்க முற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள், அவரவர் இசைவுடன், குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கப்பட்டனர். 235 பேர் வழக்கமான சிகிச்சையுடன் பிளாஸ்மாவும் பெற்றனர். 229 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். 28 நாட்களுக்குள் நோய் முற்றியோர் அல்லது இறந்தோர் முதற்பிரிவில் 44 பேர். இரண்டாவதில் 41 பேர். பிளாஸ்மாவினால் பயன் இல்லை என்பது புலனாயிற்று.

ஆயினும் 2021 மே மாதத்தில்தான் இச்சிகிச்சை தேசிய வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய வாரங்களில், இரண்டாம் அலையின்போது, எண்ணற்ற குடும்பங்கள் கொடையாளரைத் தேடி அலைந்தன. பயனற்ற ஒன்றிற்குச் செலவிடப்படும் பொருளும் உழைப்பும் பயனுள்ளவற்றிற்குக் கிட்டாமற் போகின்றன என்பது பொருளாதாரத்தின் அடிப்படை உண்மையாகும்.

இதே சோதனை முறை நன்மையையும் கண்டறிந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றது என 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது.

நிபந்தனைகள்

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, சோதனை நிலையிலுள்ள மருந்துகளைப் பயன்படுத்துவது அறநெறிக்கு முரணன்று என உலக சுகாதார நிறுவனத்தின் குழு கருத்துரைத்தது. ஆயின் அது வரம்பற்ற அனுமதியன்று. நோயாளியின் இசைவு, தேர்வுரிமை, இரகசியக் காப்பு, வெளிப்படையான நடைமுறை ஆகியவை வலியுறுத்தப்பட்டன. விளைவுகளைப் பதிந்து பகிர்வதும் கடமையாக்கப்பட்டது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் சோதனைக்கு உட்படுவோரின் இசைவை வேண்டுகின்றன. இசைவு என்பது வெறும் கையொப்பமன்று. சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களில் தெலுங்கும் தமிழும் வழங்குகின்றன. அங்கே ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டுப் பெறுவதால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது. மருந்தின் பயன் ஐயத்திற்குரியது என்பதையும், மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்பதையும் நோயாளியின் மொழியிலேயே விளக்குதல் வேண்டும்.

நெருக்கடி, விதிகளை விரைவாகச் செயற்படுத்தக் காரணமாகலாம். அவற்றைக் கைவிடக் காரணமாகாது. சோதித்து அறியும் ஏற்பாடின்றி அளிக்கப்படும் மருந்து இன்றைய நோயாளிக்கும் உறுதி தருவதில்லை; நாளைய நோயாளிக்கும் அறிவு தருவதில்லை.