முட்டை ஓடும் மரபணுவும்

கோழி முட்டையைக் கையில் எடுத்துப் பாராதார் இலர். ஆயினும், அதன் ஓடு எவ்வாறு உருவாகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

முட்டை ஒன்று முழுமை பெற ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. சூலகத்தினின்று விடுபடும் மஞ்சள் கரு முட்டைக் குழாயில் இறங்குகிறது. ஏறத்தாழ 3 மணி நேரத்தில் வெண்கரு அதனைச் சூழ்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் மெல்லிய இரு சவ்வுகள் அமைகின்றன. எஞ்சிய காலத்தில் 18 முதல் 20 மணி நேரம் ஓட்டுச் சுரப்பியிலேயே கழிகிறது. 5 அல்லது 6 கிராம் எடையுள்ள ஓடு அங்கேதான் படிகிறது. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் இப்பொருளே.

இவ்வேலையை நடத்துவன யாவை? மரபணுக்களே. கோழியின் கண்ணிலும் காலிலும் உள்ள அதே மரபணுக்கள்தாம் ஓட்டுச் சுரப்பியிலும் உள்ளன. ஆனால், எல்லாம் எங்கும் செயற்படுவதில்லை. ஒரே நூல் எல்லா வகுப்பிலும் இருந்தாலும், வகுப்புக்கு வகுப்பு படிக்கும் பாடம் வேறன்றோ? ஓரிடத்தில் ஒரு மரபணுவின் குறிப்புப் படிக்கப்பட்டு, அதற்குரிய புரதம் உண்டாவதையே மரபணு வெளிப்பாடு என்பர்.

ஓட்டுச் சுரப்பியில் கால்பைண்டின் என்னும் புரதம் கால்சியத்தைச் சுமந்து உயிரணுக்களைக் கடக்கச் செய்கிறது. ஓவோக்ளெய்டின்-17 என்பது படிகங்கள் ஒழுங்குற அமையத் துணைபுரிகிறது. ஆஸ்டியோபான்டின் மரபணுவோ, முட்டை வந்து சுரப்பியின் சுவரை விரிக்கும்போது தூண்டப்படுகிறது. முட்டையின் வருகையே வேலைக்கு அழைப்பாகிறது!

இனி, கால்சியம் வரும் வழியைக் காண்போம். ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓட்டுச் சுரப்பி அதனைச் சேமித்து வைப்பதில்லை. அவ்வப்போது குருதியினின்றே பெறுகிறது. ஓடு பெரும்பாலும் இரவில் படிகிறது. கோழியோ இரவில் இரை உண்பதில்லை. ஆதலின், குறையை எலும்பு ஈடு செய்கிறது. முட்டையிடும் பருவம் நெருங்குங்கால், ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் எலும்பின் உட்குழிவில் தனியொரு மென்மையான எலும்பு வளர்கிறது. அதுவே கோழியின் சுண்ணாம்புக் களஞ்சியம்.

இக்கோழிகளின் மூதாதையாகிய செங்காட்டுக் கோழி, ஆண்டுக்குச் சில முட்டைகளே இடும். இன்றைய பண்ணைக் கோழியோ 300 முட்டைகள் வரை இடுகிறது. அவற்றின் ஓடுகளுக்கு மட்டும் 600 கிராம் கால்சியம் செலவாகிறது. அது கோழியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காலப்போக்கில் உடலைத் தாங்கும் எலும்பும் கரைந்து, எளிதில் முறிகிறது.

இதற்குத் தீர்வுகள் இல்லாமலில்லை. பருத்த கிளிஞ்சல் துண்டுகளை மாலை இரையில் கலந்தால், அவை அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரைந்து எலும்பைக் காக்கின்றன. எலும்பின் வலிமையும் மரபுவழி வருவதாதலின், அதனை நோக்கித் தாய்க்கோழிகளைத் தேர்ந்தெடுக்கவும் இயலும். முட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டால் போதாது. கோழியின் எலும்பையும் கணக்கில் சேர்ப்பதே முறையாகும்.