குடிமகன் என்றதும் சிரித்தார்கள்

“நல்ல குடிமகன் யார்?” என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் களுக்கென்று சிரிப்பு.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல டீச்சர். குடிமகன்னா எங்க ஊர்ல வேற அர்த்தம்.”

திட்ட வாய் வரவில்லை. ஏற்காட்டு மலையில் சமூக அறிவியல் நடத்துகிறேன்; தினமும் சேலத்திலிருந்து பஸ். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுவரோரம் உடைந்து கிடக்கும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டேதான் மேலே வருகிறேன்.

புத்தகத்தை மூடச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வரி. ‘ரோட்டில் மரம் சாய்ந்தால் ஆள் வரும்வரை நிற்காமல் தானே வெட்டிப்போடுகிறவர்.’ ‘காட்டெருமையைப் பார்த்து ஹாரன் அடிக்காதவர்.’ ‘திருவிழா வரி பாக்கி வைக்காதவர்.’ ஒரு தாளில் ‘ஓட்டுக்குக் காசு வாங்காதவர்’ என்று எழுதி, ரப்பரால் அழித்திருந்தது. தடம் மட்டும் தெரிந்தது.

இதே கேள்வியை உலகம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. கல்வி மதிப்பீட்டுக்கான சர்வதேச அமைப்பான ஐ.இ.ஏ., 1999-ல் 28 நாடுகளில் சுமார் 90,000 பிள்ளைகளிடம் குடிமைப் பண்பு பற்றி ஆய்வு நடத்தியது. எல்லோரும் பதினான்கு வயதை ஒட்டியவர்கள். மொழி வேறு, ஆட்சிமுறை வேறு. ஆனாலும் பெரும்பாலான நாடுகளில் பதில் ஒரே பக்கம் சாய்ந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், ஓட்டுப் போட வேண்டும். கட்சியில் சேர்வதும் அரசியல் பேசுவதும் அவ்வளவு முக்கியமில்லை. இந்தியா அந்த ஆய்வில் இல்லை. இருந்திருந்தால் என் வகுப்பும் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். கையிலிருந்த 31 தாள்களில் ‘கேள்வி கேட்பவர்’ என்று ஒருவரும் எழுதவில்லை.

இத்தனைக்கும் இது ‘இல்லை’ என்று சொல்லிப் பழகிய தொகுதி. 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல ஓட்டு இயந்திரத்திலேயே பட்டன் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அந்த நோட்டா முதலில் வந்தது, பழங்குடியினருக்கான தனித்தொகுதியான ஏற்காட்டில். டிசம்பர் 4 இடைத்தேர்தலில். மலைமேலும் அடிவாரத்திலுமாக நூற்றுக்கு ஏறக்குறைய 89 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் 4,431 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். நோட்டா எத்தனை விழுந்தாலும் முடிவு மாறாது. வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார். அது தெரிந்தும் அழுத்தியவர்கள் அதில் இருந்திருப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அன்று அம்மா இடுப்பில் இருந்தவர்கள்.

ஆனால் நோட்டா ரகசியம். யார் அழுத்தினார் என்று தெரியாது. எழுந்து நின்று, முகம் தெரியக் கேட்கிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் உறுப்பினர்கள். வரவு செலவைக் கேட்கலாம். குடிநீரை, தெருவிளக்கை, குப்பையைக் கேட்கலாம். “யாராவது போயிருக்கீங்களா?” என்றேன். ஒரே ஒரு கை. “மிட்டாய் குடுத்தாங்க டீச்சர்.”

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே கிராம சபை நடக்கிறது. அதன் பெயர் ‘மக்கள கிராம சபை’. கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். நம் மொழியிலும் அந்தப் பொருள் செத்துவிடவில்லை, மக்கட்பேறு என்கிறோம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, வரும் வழியில் உள்ள ஓடை, பஸ் வராத நேரம் என்று அங்கே பிள்ளைகள் பெரியவர்களிடம் நேராகவே கேட்கிறார்கள்.

மறுநாள் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னேன், ஊராட்சித் தலைவருக்கு. சிரித்த பையன்தான் முதலில் நீட்டினான்: ‘வளைவில் உடைஞ்ச பாட்டிலை எடுக்க வேண்டியது யார்? குடிச்சவரா, வித்தவரா, பஞ்சாயத்தா?’

“நல்ல கேள்விடா. கீழ கையெழுத்துப் போடு.”

பேனாவைத் திறந்தவன் மூடினான். “நீங்க முதல்ல போடுங்க டீச்சர்.”

மாதச் சம்பளக்காரி நான். யார் கண்ணில் படுமோ என்று எனக்கும் கை ஒரு கணம் நின்றது. முந்தைய நாள் தாளில் அழிந்திருந்த வரி ஞாபகம் வந்தது.

போட்டேன். அதற்குக் கீழே அவன் போட்டான்.