அசரியா கேட்ட நண்பர்கள்

1943ஆம் ஆண்டு. ஜெர்மன் குண்டுவீச்சில் சிதைந்துபோன லண்டனில், காகிதத்துக்கும் பங்கீடு இருந்த காலத்தில், ஒரு சிறு நூல் அச்சாகி வந்தது. எழுதியவர் டி. எஸ். எலியட். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியவர் எழுதிய அந்த நூல் கவிதைத் தொகுப்பு அல்ல. திருநெல்வேலியிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த திருச்சபைகள் ஒன்றாக இணையப் போகின்றன என்ற செய்தியால் கலங்கி, அதை எதிர்த்து அவர் எழுதியது. இப்படிச் சேர்வது இணைப்பே அல்ல, அழிவு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

எலியட்டைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. கென்சிங்டனில் குளோஸ்டர் சாலையில் இருக்கும் புனித ஸ்தேவான் ஆலயத்தில் 25 ஆண்டுகள் வார்டனாக இருந்து உழைத்த பக்திமான் அவர். அப்போஸ்தலர் காலம் முதல் ஆயர் கையிலிருந்து ஆயர் கைக்கு வந்த திருநிலைதான் திருச்சபையின் முதுகெலும்பு என்று நம்பினார். ஆயரே இல்லாத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளின் போதகர்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் அந்த முதுகெலும்பு என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அவர் படித்தது திட்டத்தின் வரைவை. அந்த வரைவுக்குப் பின்னால் நின்ற மனிதர்களை அல்ல.

அந்த மனிதர்களில் முதல்வர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், பிறப்பால் ஆங்கிலிக்கன். 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1844இல் லண்டனில் ஒரு துணிக்கடை ஊழியர் தொடங்கிய அந்தச் சங்கத்தில், எந்தச் சபை இளைஞனும் எந்தச் சபை இளைஞனோடும் உட்கார்ந்து வேதம் வாசிக்கலாம். அங்கேதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கக் காங்கிரிகேஷனல்காரர் அசரியாவுக்கு உற்ற நண்பரானார். 1902இல் யாழ்ப்பாணம் போன அசரியா, அமெரிக்கன் மிஷன் வழிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்று ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறக்கக் காரணமானார். ஓர் ஆங்கிலிக்கன், ஆயரே இல்லாத சபையிடம் கற்ற பாடம் அது.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. மேற்கத்தியத் தலைவர்கள் நிறைந்த அந்த மன்றத்தில், 36 வயதுகூட நிரம்பாத அசரியா எழுந்து, மிஷனரிமார் எங்களுக்காகப் பொருளைத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள், இன்னும் ஒன்று கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். வெள்ளையர் இந்தியருக்குக் காட்டிய தூரத்தைப் பற்றிய பேச்சு அது. சபைக்கும் சபைக்கும் நடுவே இருந்த தூரத்தையும் அவர் அதே முறையில்தான் கடக்கப் பார்த்தார் என்பது என் எண்ணம்.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். 1706இல் சீகன்பால்க் வந்து இறங்கிய அந்தக் கடற்கரை ஊரில் அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் மூண்ட சண்டைகளில் பிரிந்த பிரிவுகளை, அந்தச் சண்டையில் பங்கே இல்லாத நாம் ஏன் சுமக்க வேண்டும்? வேதாகமம், இரு விசுவாசப் பிரமாணங்கள், இரு திருவருட்சாதனங்கள், ஆயர் முறை என்ற நான்கு கால்களின் மேல் ஒரு திட்டம் எழுந்தது. பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. மெதடிஸ்டுகள் 1925இல் வந்து சேர்ந்தார்கள். பிரிவினை மேற்கத்திய நாடுகளில் பலவீனமாக இருக்கலாம், எங்கள் ஊரில் அது பாவம், இடறல் என்று அசரியா 1927இல் லோசான் மாநாட்டில் சொன்னார். 1930இல் லண்டனில், தேம்ஸ் கரையிலிருக்கும் லாம்பெத் அரண்மனையில் கூடிய ஆயர்கள் மாநாட்டிலும் இதற்காகவே வாதாடினார்.

அவர் 1945 ஜனவரி 1 அன்று மறைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்ததை அவர் பார்க்கவில்லை. இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரம் ஆகியிருந்தது. தேசம் பிரிந்து ரத்தம் ஓடிய நாட்களில் சபைகள் சேர்ந்தன.

இந்த இணைப்பில் என்னை மிகவும் தொடுவது ஓர் உறுதிமொழி. எந்தச் சபையின் மீதும் அதற்குப் பழக்கமில்லாத வழிபாட்டையோ, அதன் மனச்சாட்சி ஏற்காத போதகரையோ திணிக்க மாட்டோம் என்று எழுதிவைத்தார்கள். ஆயர் கையால் திருநிலை பெறாத போதகர்களும் அப்படியே தொடரலாம், இனி வருகிறவர்களுக்கு ஆயர் கைவைப்பார், 30 ஆண்டுகள் கழித்து மற்றதைத் தீர்மானித்துக்கொள்வோம் என்றார்கள். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் அப்போது சேரவில்லை. தரங்கம்பாடியையே தாய்வீடாகக் கொண்ட தமிழ் லுத்தரன் சபை இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. கொள்கையில் முழு உடன்பாடு வந்த பிறகு உறவு வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. முதலில் ஒரே கூரைக்குள் வருவோம், பழகப் பழகக் கொள்கை தெளியும் என்று நம்பி இறங்கினார்கள். நம்முடைய கூட்டுக்குடும்பங்கள் ஓடியதும் இப்படித்தானே.

லண்டன் இதை ஏற்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. தென்னிந்தியத் திருச்சபையோடு எந்த அளவு நற்கருணை உறவு வைக்கலாம் என்று இங்கிலாந்துத் திருச்சபை 1950இலும் 1955இலும் அளந்து அளந்து முடிவெடுத்தது. நம் ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில் முழு உறுப்பினராக உட்கார்ந்தது 1988இல்தான். மாநாடு அதற்குள் கேன்டர்பரிக்கு இடம் மாறியிருந்தது. ஆனால் மாற்றம் அதற்கு முன்பே வேறு வழியில் லண்டனுக்குள் வந்துவிட்டது. லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பிய பிரஸ்பிட்டேரியன். 1936இல் சென்னை வந்து தமிழ் கற்றுக் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர். 1947இல், 37 வயதில், மதுரை–இராமநாதபுரம் ஆயரானார். எலியட் போன்றவர்களின் வாதங்களுக்கு 1948இல் ஒரு நூலாகவே பதில் எழுதினார். கடைசிக் காலத்தைத் தென் லண்டனில் கழித்து 1998இல் மறைந்தார். பிரிட்டனில் இன்று இறையியல் படிக்கிறவர்கள் எந்தச் சபையாராக இருந்தாலும் அவரை வாசிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமச் சபைகளில் கற்றதை அவர் இங்கிலாந்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.

இவ்வளவையும் கொடுத்த தமிழ்ச் சமூகம் இன்றைய லண்டனில் எப்படி இருக்கிறது? ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குராய்டன், ஹாரோ என்று நாம் வாழும் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். காலையில் ஆங்கிலேயச் சபை கூடிக் கலைந்த கட்டடத்தில், மதியத்துக்கு மேல் தமிழ் ஆராதனை. ஒரு தெருவில் சிஎஸ்ஐக்காரர்கள் கீர்த்தனை பாடுகிறார்கள். அடுத்த தெருவில் கத்தோலிக்கர் பூசை கண்டுவிட்டு வாசலில் நின்று பேசுகிறார்கள். வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் பெந்தெகொஸ்தே சபையார் கைகளை உயர்த்தி ஜெபிக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மூவரும் ஒரே கடையில் முருங்கைக்காயும் கருவாடும் வாங்குகிறார்கள். கடையில் கண்டால் விசாரிப்பு உண்டு. அவரவர் சபைக்குள் மற்றவர் கால் வைப்பது அபூர்வம்.

நம்மில் ஒவ்வொருவரிடமும் மற்றவரைப் பற்றிய ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. மாதாவைக் கும்பிடுகிறவர்கள் என்று ஒரு பக்கம். ஆட்டைத் திருடுகிறவர்கள், கூச்சல் போடுகிறவர்கள் என்று மறுபக்கம். பேருக்குக் கிறிஸ்தவர்கள், இரட்சிப்பு இல்லாதவர்கள் என்று இன்னொரு பக்கம். குழந்தைக்கு ஞானஸ்நானம் தரலாமா, முழுக்குத்தான் செல்லுமா, அந்நிய பாஷை இன்றும் உண்டா, புனிதர்களிடம் வேண்டலாமா என்பவை சின்ன விஷயங்கள் அல்ல. அவற்றை மூடி மறைத்துச் சிரித்துப் பேசச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை மற்றவரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1983க்குப் பிறகு அகதியாக வந்து, விசாவும் வேலையும் இல்லாமல் தவித்த ஈழத்து இளைஞர் பலருக்குச் சோறும் படுக்க இடமும் தந்து, பெயர் சொல்லி அழைத்தவை சிறு பெந்தெகொஸ்தே கூட்டங்கள். அதை அறியாமல் அந்த அண்ணன் ஏன் சபை மாறினார் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதேபோல, போர் நாட்களில் அந்தோனியார் கோயிலிலும் மடு மாதாவின் காலடியிலும் உயிர் பிழைத்த ஒரு தாயின் கையிலிருக்கும் செபமாலையை விக்கிரகம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது கொடுமை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கொள்கை வேறுபாடு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி கொள்கையே அல்ல. அது ஊர், சாதி. நாங்கள் வேறு சபை என்ற பேச்சு, கல்யாணம் பேசும்போது நாங்கள் வேறு ஆட்கள் என்று மாறிவிடுவதைக் கண்டிருக்கிறோம். தரங்கம்பாடியில் கூடியவர்கள் மேற்கின் பிரிவுகளைக் கழற்றிப் போட்டார்கள். நம் சொந்தப் பிரிவைக் கழற்றும் வேலை இன்னும் பாக்கி. லண்டன் வரை அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

பழக இடமில்லை என்று சொல்ல முடியாது. இந்த நாட்டில் 1969இலேயே ஒரு சட்டம் வந்தது. வேறு வேறு திருச்சபைகள் ஒரே ஆலயக் கட்டடத்தைச் சட்டப்படி பகிர்ந்துகொள்ள அது வழி செய்தது. காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1972இல் இங்கிலாந்தில் ஒன்றாயின. தென்னிந்தியா அதே இரு பிரிவுகளையும் 1908இலேயே சேர்த்துவிட்டது. 1982இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரும் கேன்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சியும் கேன்டர்பரி பேராலயத்தில் அருகருகே முழங்காலிட்டு ஜெபித்தார்கள். 2025 அக்டோபரில் அரசர் சார்லஸ் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பதினான்காம் லியோ பாப்பரசரோடு சேர்ந்து ஜெபித்தார். எட்டாம் ஹென்றி உரோமையை விட்டுப் பிரிந்த பிறகு எந்த ஆங்கிலேய அரசரும் செய்யாதது.

நமக்கே உரிய ஓர் இடமும் இருக்கிறது. லண்டனுக்கு வடகிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தின் வால்சிங்கம். கோடைதோறும் தமிழ்க் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் அங்கே திருயாத்திரை போகிறார்கள். மடுவுக்குப் போக முடியாத ஏக்கத்தை அங்கே தீர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்துக்களும் வருகிறார்கள். ஹென்றியின் ஆட்கள் 1538இல் இடித்த மாதா திருத்தலம் அது. இன்று அந்தச் சிற்றூரையொட்டிக் கத்தோலிக்கத் திருத்தலம் ஒன்றும், ஊருக்குள் ஆங்கிலிக்கன் திருத்தலம் ஒன்றும் இருக்கின்றன. பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சிற்றாலயம். 1794இல் கட்டிய மெதடிஸ்ட் ஆலயம் வேறு. நாலு சபையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்போது, பஸ்ஸில் போய் இறங்குகிற நம்மவர்கள் பூசை கண்டு, சோற்றுப்பொட்டலம் பிரித்து உண்டு, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். மற்ற மூன்றின் வாசலையும் மிதித்துப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

ஜனவரி 18 முதல் 25 வரை இங்கும் பல நாடுகளிலும் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம். நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் அது ஒரு பிரசங்கத்தோடு கடந்துபோகிறது. வரும் ஜனவரியில் இதைச் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த, வேறு சபையில் இருக்கும் ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ, உங்கள் ஆராதனைக்கு நான் வரலாமா என்று கேளுங்கள். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கத்தோலிக்கப் பூசையில் மற்றச் சபையார் பொதுவாக நற்கருணை வாங்க முடியாது. இங்கே பல ஆலயங்களில் கைகளை நெஞ்சின் மேல் குறுக்காக மடித்துப் போனால் குருவானவர் ஆசி தருவார். பெந்தெகொஸ்தே கூட்டத்தில் சத்தம் மிரட்டினால் பொறுத்திருங்கள், பிறகு ஒரு சாட்சி சொல்வார்கள், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். முடிந்ததும் தேநீர் குடிக்கும்போது, நீங்கள் ஏன் இப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை குறுக்கே பேசாதீர்கள். அடுத்த ஞாயிறு அவரை உங்கள் சபைக்கு அழைத்துவாருங்கள்.