ரெக்கார்டு குரல்ல லோன் கால் வருதா? கட் பண்றதோட விட்டுடாதீங்க

"உங்களுக்கு லோன் அப்ரூவ் ஆகியிருக்கு. விவரம் தெரிந்துகொள்ள 1-ஐ அழுத்தவும்." தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்ல ஏலம் நடக்கும்போதும் இந்தக் குரல் வரும், பாலக்கோடு மண்டியில தக்காளி விலை பேசிட்டு இருக்கும்போதும் வரும். நாம என்ன பண்றோம்? கட் பண்ணி, அந்த நம்பரை பிளாக் பண்றோம். மறுநாள் வேற நம்பர்ல அதே குரல்!

உங்க போன்ல பிளாக் பண்ணா உங்களுக்கு மட்டும்தான் அந்தக் கால் நிற்கும். நம்பரையே முடக்க வேண்டியது டெலிகாம் கம்பெனி. ட்ராயோட 2018 விதிமுறைப்படி, சாதாரண 10 இலக்க நம்பர்ல இருந்து யாரும் விளம்பரக் கால் பண்ணக் கூடாது. 2025 பிப்ரவரியில இதைத் திருத்தி இன்னும் இறுக்கியிருக்காங்க. முன்னாடி ஒரு நம்பர் மேல 7 நாள்ல 10 புகார் வந்தாதான் நடவடிக்கை. இப்போ 10 நாள்ல 5 புகார் போதும். கம்பெனிக்கு இருந்த 30 நாள் கெடுவும் 5 நாளா குறைஞ்சிருக்கு.

கவனிங்க, எல்லாமே புகார் கணக்குலதான் ஓடுது. யாருமே புகார் சொல்லலைன்னா அந்த நம்பர் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். கால் வந்த 7 நாளுக்குள்ள 1909-க்கு போன் பண்ணுங்க, இல்லன்னா ட்ராயோட டிஎன்டி ஆப்ல பதிவு பண்ணுங்க. டிஎன்டி போடாதவங்களும் புகார் கொடுக்கலாம்.

வெளிநாட்டுல இருந்து இந்திய நம்பர் மாதிரி வேஷம் போட்டு வர்ற கால்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கு. மத்திய அரசு 2024 அக்டோபர்ல தொடங்கின சிஸ்டம் முதல் 24 மணி நேரத்துல மட்டும் 1.35 கோடி கால்களைத் தடுத்துச்சு. அப்படியும் சிலது தப்பி வரத்தான் செய்யும்.

பேங்க்ல இருந்துதான் பேசறாங்களான்னு எப்படிப் பார்க்கறது? கணக்கு, பரிவர்த்தனை பற்றிய கால்களை 1600-ல தொடங்கும் நம்பர்லயும், விளம்பரக் கால்களை 140-ல தொடங்கும் நம்பர்லயும் பண்ணணும்னு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில சொல்லிடுச்சு. 10 இலக்க மொபைல் நம்பர்ல இருந்து "பேங்க் மேனேஜர்" பேசினா, பதிலே சொல்ல வேண்டாம். லோன் வர்றதுக்கு முன்னாடியே ப்ராசஸிங் ஃபீஸை ஜிபே பண்ணச் சொன்னா, அது லோனே இல்லை.

பணம் போயிடுச்சுன்னா 1909 உதவாது. உடனே 1930-க்கு கூப்பிடுங்க, அதே கையோட பேங்குக்கும் சொல்லுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தா, பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்க நஷ்டம். தெரிவிச்ச பிறகு போறது பேங்கோட பொறுப்பு. அதனால எத்தனை மணிக்குச் சொன்னீங்கன்னு நிரூபிக்க, புகார் எண்ணை எஸ்எம்எஸ்லயோ ஈமெயில்லயோ கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.