சென்னை ஆய்வும் சானடோரியத்தின் முடிவும்

ஒரு மருந்தை உட்கொண்ட நோயாளி தேறிவிட்டார் என்பதாலேயே அவரைத் தேற்றியது அந்த மருந்துதான் என்று சொல்லிவிட முடியாது. காசநோயைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை மிகவும் தேவைப்பட்டது. ஏனெனில் அந்நோய் பல ஆண்டுகள் நீடிப்பது, இடையிடையே தணிந்து மீண்டும் மூள்வது, சிகிச்சையே பெறாதவர்களிலும் ஒரு பகுதியினரைத் தானாகவே விட்டு விலகிவிடுவது. தங்க உப்பு ஊசி முதல் மீன் எண்ணெய் வரை எத்தனையோ பொருள்கள் அதற்கு மருந்தென்று புகழப்பட்டுப் பின்னர் மறைந்துபோனதற்குக் காரணம், அவற்றைப் பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவற்றைப் பெறாத, மற்ற எல்லா வகையிலும் அவர்களை ஒத்த ஒரு குழு இல்லாமற் போனதே ஆகும்.

ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த பிறகும், அக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த இடைவெளியில் மருத்துவத்திடம் இருந்தவை ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு ஆகிய மூன்றே. அம்மூன்றையும் ஒரே இடத்தில் அளிப்பதற்காக எழுந்தவையே சானடோரியங்கள். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய அத்தகைய நிலையத்தின் பெயரை, சென்னைப் புறநகர் ரயில் பாதையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிறுத்தம் இன்றும் தாங்கி நிற்கிறது. நோயாளி குடும்பத்தையும் வேலையையும் விட்டுப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அங்கே படுத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் உறுதியான நம்பிக்கையாக இருந்தது. அந்த நம்பிக்கையை எவரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோய்க்கு எதிரான முதல் வலுவான மருந்து. போரினால் நொடித்திருந்த பிரிட்டனால், டாலர் தட்டுப்பாட்டின் காரணமாக அதைச் சிறிதளவே வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் போன்ற ஒரு முறையால் தீர்மானித்து, அதன்மூலம் மருந்தின் பயனையும் ஐயமறத் தெரிந்துகொள்ளலாம் என்று அந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முடிவு செய்தது. புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த திட்டப்படி, எந்த நோயாளி எந்தக் குழுவில் சேர்வார் என்பது சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்கூட்டியே குறிக்கப்பட்டு, ஒட்டப்பட்ட உறைகளுக்குள் வைக்கப்பட்டது. நோயாளியை ஆய்வில் சேர்த்துக்கொண்ட பின்னரே உறை பிரிக்கப்பட்டது. தேறக்கூடியவர் என்று தோன்றுகிறவரை மருந்துக் குழுவுக்கும் மற்றவரை எதிர்க்குழுவுக்கும் தம்மை அறியாமலேயே ஒதுக்கிவிடும் மனச்சாய்வு எந்த மருத்துவருக்கும் உண்டு என்பதால், அந்த வாய்ப்பை அடியோடு அகற்றுவதே உறையின் நோக்கம். 1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர்.

ஆயினும் அதே ஆய்வு மற்றொரு செய்தியையும் வெளிப்படுத்தியது: மருந்து பெற்றவர்கள் பலரின் சளியில் சில மாதங்களுக்குள் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத கிருமிகள் தலையெடுத்தன. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோ சில, இயல்பாகவே ஒரு மருந்தைத் தாங்கும் தன்மையுடன் பிறந்திருக்கும். மற்றவை மடிந்தபின் அவை பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கிருமி இரு மருந்துகளையும் ஒருசேரத் தாங்குவது மிக அரிது என்பதால், பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தை, அதாவது ‘பாஸ்’ என்று சுருக்கமாக வழங்கப்பட்ட மருந்தை, துணையாகச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1950 முதல் நிலைபெற்றது. 1952இல் விலை மலிவான, விழுங்கத்தக்க ஐசோனியசிட் மாத்திரையும் வந்து சேர்ந்தபோது, ஊசியோ படுக்கையோ இல்லாமல் இந்நோயைத் தீர்க்கலாமா என்ற கேள்வி எழுவதற்கு வழி பிறந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் இந்தியாவே. 1950களின் பிற்பகுதியில் இந்நாட்டில் பிறருக்குத் தொற்றவைக்கும் நிலையிலிருந்த காசநோயாளிகள் சுமார் 15 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களுக்கென இருந்த மருத்துவமனைப் படுக்கைகளோ முப்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. சானடோரியம்தான் ஒரே வழி என்றால், பெரும்பாலோருக்கு வழியே இல்லை என்பதுதான் பொருள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. அதன் முதல் தலைவரான வாலஸ் ஃபாக்ஸ் பிரிட்டனிலிருந்து வந்தவர். அவருடன் பணியாற்றிய மருத்துவர்கள், செவிலியர், ஆய்வுக்கூடப் பணியாளர், புள்ளியியலாளர் ஆகியோருள் மிகப் பெரும்பாலோர் இந்தியர்.

நுரையீரல் காசநோய் உறுதிசெய்யப்பட்ட, சென்னையின் நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டு, சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் ஐசோனியசிட்டும் பாஸும் ஓராண்டு முழுவதும் கொடுக்கப்பட்டன. ஒரு குழு சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் செவிலியரின் நேரடிக் கண்காணிப்பும் பெற்றது; மற்றக் குழு ஒற்றை அறை வீடுகளிலேயே குடும்பத்தோடு தங்கி, மருந்தை மையத்திலிருந்து வாங்கிச் சென்று, முடிந்தவர்கள் வேலைக்கும் போய், அதே பழைய உணவை உண்டு வாழ்ந்தது. இவ்வளவு ஏற்றத்தாழ்வான இரு வாழ்க்கைகளை ஒரே மருந்தைக் கொண்டு ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் துணிவு.

நோயாளி தேறினாரா என்பதை அவருடைய தோற்றமோ இருமல் குறைந்ததோ தீர்மானிக்கவில்லை, ஆய்வுக்கூடமே தீர்மானித்தது. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்கி, பின் அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் ஏற்றினால், அமிலம் பட்டும் சிவப்பை விடாமல் பற்றியிருக்கும் காசநோய்க் கிருமிகள் நீலப் பின்னணியில் சிறு சிவப்புக் கீற்றுகளாக உருப்பெருக்கியில் தெரியும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இம்முறையில் அவை கண்ணில் படும். அதைவிடக் குறைவாக இருப்பவற்றையும் பிடிக்க வேண்டுமானால் சளியை வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்தே பார்க்க வேண்டும். முட்டைக் கலவையுடன் பச்சைச் சாயம் சேர்த்து, சாய்வாக உறையவைத்த கண்ணாடிக் குழாய்களில் இந்த வளர்ப்பு நடைபெறுகிறது. மற்றப் பல நுண்ணுயிர்கள் அரைமணி நேரத்தில் இரட்டிக்கும்போது காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்கச் சுமார் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்வதால், பச்சை ஊடகத்தின்மேல் ரொட்டித் துகள்களைப் போன்ற வெளிறிய, சொரசொரப்பான திட்டுகள் தென்படுவதற்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. மாதந்தோறும் ஒவ்வொரு நோயாளியின் சளியும் இவ்வாறு குழாய்களில் ஏறியது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மையத்தின் பெயர் தெரியாத ஆய்வுக்கூடப் பணியாளர்களின் பொறுமைக்கு மருத்துவ உலகம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது புலப்படும்.

மற்றொரு சிக்கலும் இருந்தது. சானடோரியத்தில் செவிலியர் கண்முன்னே விழுங்கப்படும் மருந்து, வீட்டில் விழுங்கப்படுகிறதா என்பது எப்படித் தெரியும்? நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் உட்கொள்ள வேண்டிய பாஸ், குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் மருந்து. அதை ஓராண்டு விடாமல் விழுங்குவது எளிதன்று. எனவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மீதமிருக்கும் மருந்தை எண்ணியதோடு, சிறுநீரையும் சேகரித்துச் சோதித்தனர். ஃபெரிக் குளோரைடு கரைசலின் சில துளிகளை விட்டதும் சிறுநீர் செந்நீல நிறமாக மாறினால் உடலுக்குள் பாஸ் சென்றிருக்கிறது என்று பொருள். நோயாளியைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக இச்சோதனை செய்யப்படவில்லை. மருந்து தோற்றதா, அல்லது மருந்து உள்ளே போகவே இல்லையா என்ற இரண்டையும் பிரித்தறியாமல் எந்தச் சிகிச்சையைப் பற்றியும் நேர்மையாகப் பேச முடியாது.

1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான முடிவு, அக்காலத்துக் காசநோய் மருத்துவத்தின் அடித்தளத்தையே அசைத்தது. ஓராண்டின் முடிவில், கிருமி அடங்கிய நிலையை அடைந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். இடைவெளி சிறியது, வீட்டுச் சிகிச்சையைக் கைவிடச் சொல்லும் அளவுக்குப் பெரியதன்று. இன்னும் முக்கியமானது, நோயாளியுடன் ஒரே அறையில் உறங்கிய குடும்பத்தாரின் நிலை. இந்த முடிவு வெளியான பின்னும் தொடர்ந்து, மொத்தம் ஐந்தாண்டுகள் அவர்களைக் கவனித்ததில், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்று தெரிந்தது. நோய் இன்னதென்று அறியப்படுவதற்கு முன்பே அக்குடும்பங்கள் தொற்றுக்கு ஆளாகிவிடுகின்றன என்பதும், சரியான மருந்து தொடங்கியபின் நோயாளியின் தொற்றவைக்கும் ஆற்றல் விரைவாகக் குறைகிறது என்பதும் இதற்கான விளக்கங்கள். காசநோயாளியைத் தட்டு, பாய் முதற்கொண்டு பிரித்து ஒதுக்கிவைத்த வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த வழக்கம் பல வீடுகளில் இன்னும் ஓயவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மையத்தின் பின்வந்த ஆய்வுகளும் இதே வழியில் சென்றன. தினமும் தானாக மருந்து உட்கொள்வது நோயாளிக்குக் கடினம் என்றால், வாரத்துக்கு இருமுறை மட்டும் வரவழைத்துப் பணியாளர் முன்னிலையிலேயே கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தில், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும் கொண்ட முறை சோதிக்கப்பட்டது. அது தினசரி முறைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை 1964இல் வெளியான அறிக்கை காட்டியது. 1990களில் உலகெங்கும் பரவிய ‘டாட்ஸ்’, அதாவது நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை, இங்கேதான் வேர்கொண்டது. ஐசோனியசிட்டை ஒருவரின் கல்லீரல் விரைவாகச் செயலிழக்கச் செய்கிறது, மற்றொருவரின் கல்லீரல் மெதுவாகச் செய்கிறது என்பதும், இது பரம்பரையாக வரும் இயல்பு என்பதும் இங்கே விரிவாக ஆராயப்பட்டன. தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான வகையினர். அதிக அளவு மருந்து பெறும்போது அவர்களுக்கே கைகால்களில் மதமதப்பும் எரிச்சலும் தரும் நரம்புப் பாதிப்பு மிகுதியாக வந்தது. பைரிடாக்சின் எனப்படும் பி6 வைட்டமின் சிறிதளவு சேர்த்தால் அது தவிர்க்கப்படுகிறது என்பதும் தெளிவாயிற்று.

எல்லா ஆய்வும் எதிர்பார்த்த விடையைத் தந்துவிடவில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்திய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவையே அளித்தது. அம்முடிவு மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. குழந்தைகளின் மூளை உறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது என்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது.

சென்னை ஆய்வின் ஒரு பகுதி மட்டும் நெடுங்காலம் தவறாகப் படிக்கப்பட்டது. சானடோரியத்தில் நன்றாக உண்டவர்கள் அதிக எடை கூடினார்கள். வீட்டில் அரைவயிறு உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் கிருமி நீங்கினார்கள். இதிலிருந்து, மருந்து சரியாக இருந்தால் உணவுக் குறையினால் குணமடைவது தடைப்படாது என்று மட்டுமே முடிவுகட்ட இயலும். காசநோய்க்கும் பட்டினிக்கும் தொடர்பில்லை என்று அந்த ஆய்வு சொல்லவேயில்லை. நோய் வந்தவர் தேறுவதைப் பற்றியது அது கேட்ட கேள்வி. நோய் வராமல் தடுப்பதைப் பற்றியது வேறொரு கேள்வி.

அந்த வேறொரு கேள்விக்கு அறுபது ஆண்டுகள் கழித்து ஜார்க்கண்டில் விடை கிடைத்தது. அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், 2,800 நோயாளிகளும் அவர்களுடைய வீடுகளைச் சேர்ந்த 10,345 பேரும் இடம்பெற்றனர். நோயாளிக்கு உணவு மறுப்பது முறையன்று என்பதால் இரு குழுவிலும் நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொட்டலம் தரப்பட்டது. வேறுபாடு வீட்டிலிருந்த மற்றவர்களுக்கே. மருந்து பெறாத குழுவிலிருந்த நோயாளிகளிடம் அவர்கள் ஓர் ஆய்வில் இருக்கிறார்கள் என்பதைக்கூடச் சொல்லாதிருந்த 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆய்வோடு ஒப்பிட்டால், 1964இன் ஹெல்சிங்கி அறநெறி அறிவிப்புக்குப் பின் ஆராய்ச்சியின் மனசாட்சி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது விளங்கும். ஒரு குழுவின் வீட்டார்க்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. மற்றக் குழுவின் வீட்டார்க்கு அவை கொடுக்கப்படவில்லை. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கும், ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் நூற்றுக்கு 48 பங்கும் குறைந்திருந்தன. நோயாளிகளிடையேயும், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு, அவ்வாறு கூடாதவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 61 பங்கு குறைவாகக் காணப்பட்டது.