சங்கீதம் வழங்கும் சாலை

பிரயாணம் என்றால் விரைந்து போய்ச் சேர்வதே என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. பெருஞ்சாலையில் பறப்பவனுக்கு ஊர் என்பது பெயர்ப்பலகை மாத்திரமே. சோழநாட்டின் சங்கீதமோ கிளைச்சாலைகளில் வாழ்கிறது.

ஆகவே, விடுமுறைப் பிரயாணத்துக்குத் திட்டமிடும் அன்பர்கள் திருவையாற்றில் தொடங்குவார்களாக. தியாகராஜ சுவாமிகள் 1847-ல் சித்தியடைந்த ஊர் அது. அவருடைய சமாதியில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் மாதரசி. அங்கிருந்து காவிரியின் வடகரைச் சாலையாகக் கணபதி அக்கிரகாரம், கபிஸ்தலம் கடந்து சுவாமிமலைக்கு வந்தால், ஸ்தபதிகள் விக்கிரகம் வார்ப்பதைக் காணலாம்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறைக்கு அப்பால் இருப்பது நரசிங்கம்பேட்டை. ஆச்சாமரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் ஊர் இது. 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்து இத்தொழில் கௌரவம் பெற்றது. ஆயினும் கௌரவம் மாத்திரம் அடுப்பெரிக்குமா? எஞ்சியிருப்பவை சில குடும்பங்களே. கல்யாணத்துக்கு ஒலிபெருக்கியில் பதிவிசை போதுமென்று நாம் இருந்துவிட்டால், கடைசல் பட்டறைக்கு வேலை ஏது?

வண்டிக்குள் பதிவிசையைக் கேட்டுக்கொண்டே இவ்வூரைக் கடந்து செல்வது நகைப்புக்குரியது. இறங்குங்கள், பட்டறையைப் பாருங்கள், அடுத்த சுபகாரியத்துக்கு நாகஸ்வர வித்வானுக்குத் தாம்பூலம் கொடுங்கள். நாட்டுக் கலையைப் போற்றுவோம் என்று மேடையில் முழங்குவதினும் இதுவே மேலான தொண்டாகும்.